லிஃப்ட்டுக்குக் கீழ யாரு குடியிருக்கா?

...நின்னுடுச்சா? நெனச்சேன். நேத்துதானே தம்பி மறுபடியும் வந்து கைய வச்சீங்க? பையில இருக்கறதையெல்லாம் பரப்பிப் போட்டுட்டு, "இனிமே ஓடும்மா"ன்னு சொல்லிட்டுப் போனீங்க. இதுதான் ஓடற அழகா? மெக்கானிக்க உள்ள வச்சுக்கிட்டே லிஃப்ட் நிக்குதுன்னா, எங்கள விடுங்க, உங்க மரியாதை என்னாவறது?

போன் பண்ணுங்க, பண்ணுங்க. மேல மோட்டார் ரூம்ல உங்க ஆள் இருக்காருல்ல... நிதானமா பாக்கட்டும். எனக்குத்தான் நேரமாச்சு. மொட்டமாடிக்குப் போகணும். மூணு மாசங்கழிச்சு இன்னிக்குத்தான் மறுபடி அங்க எக்சர்சைஸ் ஆரம்பிக்கறேன். இன்னிக்குன்னு பாத்து...

ஏன் விட்டேன்னு கேக்கறீங்களா? கேக்கலியா? பரவால்ல, சொல்றேன். எக்சர்சைஸ் பண்ணப் போயி யாருக்காவது கால் சுளுக்கும். எனக்கு எக்சர்சைஸுக்கு எழுந்திருக்க வச்ச அலாரத்த அணைக்கப் போயி சுளுக்கிச்சு. மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்துட்டேன், அது கத்துச்சு, எட்டிக் கால வச்சேன், மடங்கிடுச்சு. அம்புட்டுதான். ஊருக்கெல்லாம் இடுப்பளவு எடுத்து சட்டை தைக்கறவ நான், என் இடுப்புக்கு நேரா டேப்ப நீட்டவே பயந்துட்டு ஒக்காந்திருந்தேன்.

உடம்பு கெடக்குது தம்பி. எனக்கு வருத்தம் அதில்ல. மேல எட்டாவது மாடியில எங்க நாத்தனார் இருக்காங்க. வீட்டுக்காரரோட அக்கா. நான் தைச்ச சட்டை இறுக்கிப் புடிக்குதுன்னாங்க. சட்டை சரியாத்தான் இருக்கு அண்ணி, உடம்புதான் ஏறிடுச்சுன்னேன். உண்மையத்தானே சொன்னேன்? அதோட நாலு வருஷம் பேச்சுவார்த்தை கெடையாது. அப்பறம் டாக்டரு அவங்களுக்கும் நடக்கச் சொல்லிருக்காரு, எனக்கும் நடக்கச் சொல்லிருக்காரு. மொட்டமாடியில நேருக்கு நேரா முட்டிக்கிட்டோம். எங்க போறது? நடந்தோம். நடந்துகிட்டே பேசினோம். மூச்சு வாங்கறப்ப சண்டை போட முடியாது பாருங்க... அந்த அரைமணி நேரந்தான் நாங்க ரெண்டு பேரும் மனுஷங்களா இருந்தோம். எனக்கு அது வேணும் தம்பி.

கால் சுளுக்கினப்பறம் நானும் போன் பண்ணலதான். எனக்குந்தானே ரோஷம் இருக்கு? ஆனா மேல இருக்கறவங்க ஒருநாள் எறங்கி வந்து, கால் எப்படியிருக்குன்னு கேக்கக் கூடாதா? கேக்கல. "அவ இனி எங்க வரப் போறா, ஊதியிருப்பா"ன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அனுப்பினாங்க. அதான், கால் சரியாயும் ஒரு மாசம் போகல. பழைய மாதிரி ஆயிட்டுத்தான் அவங்க மூஞ்சில முழிக்கணும்னு வைராக்கியம்.

வீட்டுல குதிச்சுப் பாத்தேன். கீழ் வீட்டுல பல் டாக்டரு கிளினிக்கு. அவரு ஒருத்தருக்குப் பல்லப் புடுங்கறப்ப நான் குதிச்சேனாம், பக்கத்துப் பல்லு கையில வந்துடுச்சாம். அந்த மனுஷன் வாயப் பொத்திக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கறாரு. எனக்குச் சங்கடமாப் போச்சு. அப்பறந்தான் யோசிச்சேன். லிஃப்ட்டுக்குக் கீழ யாரு குடியிருக்கா? ஒருத்தருமில்ல. கண்ணாடி இருக்கு, புடிச்சுக்கக் கம்பி இருக்கு, கதவச் சாத்திட்டா யாரும் பாக்கவும் முடியாது. தெனம் சாயங்காலம் இங்கதான்...

என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க?

குதிச்சா நின்னுடுமா? அதுக்குன்னே உள்ள ஏதோ வச்சிருக்கா? இதென்ன கூத்து, ஏறி நிக்கறதுக்குன்னு கட்டினது, கொஞ்சம் குதிச்சா தாங்க வேணாமா? இப்ப நான் எங்க குதிச்சேன்? நீங்க குனிஞ்சு பையத் தொறந்தப்ப லேசா... சூடு பண்ணிக்க வேணாமா உடம்ப?

என்னது? மறுபடி சொல்லுங்க.

ஒவ்வொரு தடவ நீங்க வர்றப்பவும் எட்டாவது மாடியில ஒரு அம்மா லிஃப்ட்டுக்காக நின்னாங்களா? முட்டி வலி, படி எறங்க முடியாதுன்னாங்களா? கையில சுளுக்கு மருந்தா? கீழ யாருக்குக் குடுக்கணும்னு சொன்னாங்க?

...ஒரு மாசமாவா?

கொஞ்சம் தண்ணி வச்சிருக்கீங்களா தம்பி?

ஆ, ஏறுது, ஏறுது. நான் அசையல, பாருங்க, மூச்சு கூட விடல. எட்டு... தொறங்க. ஏன் ஒரு முழம் கீழயே நின்னுடுச்சு? புடிச்சு ஏறவா? அண்ணி... நீங்களா நிக்கறீங்க? கையக் குடுங்க. இழுங்க அண்ணி, இன்னும் இழுங்க... ஊதித்தான் போயிருக்கேன், ஒத்துக்கறேன், இழுங்க... அப்பாடா.

பேசாதீங்க. மொதல்ல மூச்சு வாங்குங்க. நானும் வாங்கிக்கறேன். லிஃப்ட் ஏன் ஓடலங்கறத... மெதுவா, நடக்கறப்ப சொல்றேன். மூச்சு நல்லா வாங்கட்டும்.

அது நான் தைச்ச சட்டையில்ல? இப்பத் தோள்ல கூட எடமிருக்கே அண்ணி.

தம்பி, லிஃப்ட்டுதான் சரியாயிடுச்சே... நீங்க ஏன் படியில எறங்கறீங்க?