மூணு மாசமா உக்காராத மனுஷன்

...உக்காருங்கன்னா உக்காரவே மாட்டேங்கறாரும்மா. அதோ, நீலச் சட்டை. அவருதான் எங்க வீட்டுக்காரரு. டாக்டர் கூப்பிடற வரைக்கும் சும்மா இருங்கன்னு சொல்லி ரெண்டு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள நாற்காலியெல்லாம் வரிசையா நிறுத்தறாரு. ஆள் உக்காந்திருக்கறப்பவே. உன் நாற்காலிக்கும் வருவாரு, காலைத் தூக்கிக்கோ.

முப்பத்தோரு வருஷம் ரெக்கார்டு ரூம்ல ஒரே சீட்டுல உக்காந்து வேலை பாத்தவரும்மா இவரு. நம்புவியா? ரிட்டயர் ஆகி வந்தும் அப்படித்தான். சேர்ல உக்காந்தாருன்னா நான் சேரைச் சுத்தித்தான் பெருக்கணும். பேச்சும் கிடையாது. 'ம்'னு ஒண்ணு, 'ம்ஹும்'னு ஒண்ணு, அவ்வளவுதான்.

மூணு மாசம் முன்னாடி எந்திரிச்சாரு. எந்திரிச்சவரு எந்திரிச்சவருதான்.

வாசக்கதவுக்கு பெயின்ட் அடிச்சாரு. நல்ல விஷயம்தானே? சாத்தி வெச்சே அடிச்சுட்டாரும்மா, இடுக்கெல்லாம் விடாம. நாலு நாள் கொல்லைப்பக்கமாத்தான் போக வர. தபால்காரர் ஜன்னல் வழியா நீட்டறாரு. பீரோ காலையில இந்தச் சுவரு, மத்தியானம் அந்தச் சுவரு. நான் துணி எடுக்கப் போனா வெறும் சுவரு நிக்குது. நான் வீட்டுலயே தையல் வேலை பாக்கறவ. தெச்சு வெச்ச பதினாலு ஸ்கூல் சட்டையில பட்டனையெல்லாம் பிரிச்சு, "நேரா இல்ல"ன்னு மறுபடி தெச்சாரு. நேராத்தான் தெச்சிருந்தாரு. முதுகுல.

இதக் கேளு. பேங்குல ஒரு வேலையும் கிடையாது, க்யூவுல போய் நிக்கறாரு. முறை வந்ததும் திரும்பக் கடைசிக்குப் போய் நிக்கறாரு. கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணு எனக்கு போன் பண்ணி, "அங்கிள் நல்லாத்தானே இருக்காரு?"ன்னு கேக்குது. 

பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னாங்க, கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கற கோளாறு ஒண்ணு உண்டு, சின்ன வயசுலேருந்தே இருந்திருக்கும்னு. இவரா? வெச்ச இடத்துல இருக்கற புள்ளைன்னு எங்க மாமியார் பெருமையா சொல்லுவாங்க. முதல் டாக்டர் காபியைக் கொறைங்கன்னாரு. காபியே குடிக்கறதில்ல. ரெண்டாவது டாக்டர், மனசுல ஏதாவது கவலையான்னாரு. இவரு அவரோட மேஜை டிராயரைக் கழட்டி மாட்டிக்கிட்டே, "இல்லையே"ங்கறாரு.

சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா ஆளு பாதியாயிட்டாரு. பேன்ட் இடுப்புல நிக்கல. கை நடுங்குது. நெஞ்சுல கை வெச்சுப் பாத்தேன், என் தையல் மிஷின் மாதிரி ஓடுதும்மா. இந்த டாக்டர்தான் தைராய்டு அதிகமா சுரந்தாலும் இப்படி ஆகும்னு ரத்தம் எடுக்கச் சொன்னாரு.

ஒண்ணு மட்டும் சொல்லணும். ஒருநாள் திடீர்னு என்கிட்ட, "நீ சின்ன வயசுல என்னவாகணும்னு நெனச்ச?"ன்னு கேட்டாரு. கல்யாணமாகி முப்பது வருஷம் கழிச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. தொடச்சுட்டு நிமிந்து பாக்கறேன், அவரு குழாயைக் கழட்டப் போயிட்டாரு.

எனக்குத்தான் தெம்பே இல்ல. மிஷின்ல தலை வெச்சுத் தூங்கிடறேன். எனக்கும் தைராய்டுதான், ஆனா எனக்கு சுரக்காத ஜாதி. மாத்திரை போட்டாத்தான் நகருவேன். அஞ்சு வருஷமா ஒருநாள் விட்டதில்ல. அப்படியும் இப்போ உடம்பு ஊதுது.

ரெண்டு பேரும் சாப்பிடற மாத்திரையெல்லாம் கொண்டாங்கன்னாரு டாக்டர். இந்தா பாரு. பச்சை மூடி டப்பா என்னது, சிவப்பு மூடி அவரோட பிரஷர் மாத்திரை. போன தடவை மூணு மாசத்துக்குச் சேத்து வாங்கி, டப்பா ரெண்டையும் கழுவிக் காயவெச்சு, நானேதான் ரொப்பி மூடினேன். தெனமும் நான்தான் எடுத்துக் குடுப்பேன். அவரு என்னன்னு பாக்கமாட்டாரு, வாயைத் திறப்பாரு.

...என்னம்மா, அப்படிப் பாக்கற? உனக்கும் தைராய்டா? உன் மாத்திரையைக் காட்டு... இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன்.

இல்லையே. நீ வெச்சிருக்கறது இந்த சிவப்பு மூடியில இருக்கறதுல்ல? மாத்திரை மேல இருக்கற நம்பர்கூட அதே நம்பர். அப்போ பச்சை மூடியில...

ரெண்டும் வெள்ளைம்மா. ரெண்டும் குட்டி.

மூடி மாறிப்போச்சா. மூணு மாசமா என் மாத்திரையை அவருக்குக் குடுத்துட்டு, அவரோடதை நான் முழுங்கிட்டுத் தூங்கியிருக்கேன். நான் குடுத்த வியாதிக்கு நானே மூணு டாக்டர்கிட்ட அலைஞ்சிருக்கேன்.

சிரிக்காதம்மா. ...சரி, சிரி.

டாக்டர்கிட்ட சொல்லிட்டா அந்த மாத்திரையை நிறுத்திடுவாங்க, இல்ல? படபடப்பு அடங்கிடும். அப்புறம் இவரு என்கிட்ட எதுவும் கேக்கவும் மாட்டாரு. ...ஒரு வாரம் கழிச்சுச் சொன்னா என்ன ஆயிடும்னு ஒரு நிமிஷம் தோணிச்சு பாரு, அதையும் உன்கிட்ட மறைக்கல. வேணாம். அந்த நெஞ்சு எத்தன நாள் தாங்கும்.

நர்ஸ் கூப்பிடறாங்க. பையைக் கொஞ்சம் பாத்துக்கோ. என்னங்க, அந்த நாற்காலியை விட்டுட்டு இப்படி வாங்க. உள்ள போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.