கந்தூரிக்கு வராத தம்பி

லவாலுக்குப் போகும் மெட்ரோவில் எனக்கு எதிரே இரண்டு முஸ்லிம் சகோதரர்கள். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு. ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் தமிழ் என்றால் காது தானாகவே போய்விடுகிறது.

“சனிக்கிழமை நம்மட சூபி ஷெய்க் பேரில கந்தூரிச் சாப்பாடு. இந்த முறையாவது வருவியா?” என்றார் மூத்தவர்.

“மௌத்தாப் போனவருக்குச் சோறாக்குறது மார்க்கத்தில இல்ல, நானா. தொழுகைதான் மார்க்கம்.”

“அத நம்மட ஊருக்குச் சொல்லித் தந்ததே அவர்தான்டா. அதுக்கு முந்தி நம்மட ஆக்கள் மந்திரிச்ச நூலக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்க. அவர்தான் அத அறுத்துப்போட்டு, கலிமாவும் தொழுகையும் படிச்சுக் குடுத்தவர்.”

தம்பி மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார்.

“வாப்பா போன பிறகு நாம ஒரே சஹன் தட்டுல சேந்து தின்னவே இல்ல,” என்றார் அண்ணன்.

இறங்கும்போது தம்பி சொன்னார்: “தொழுதுட்டு வாறன். தட்டுல எனக்கு இடம் விடுங்க.”

“அது எப்பவும் விட்டுத்தான் இரிக்கி.”