மச்சினன் நேர் பண்ணின வெளக்கு

…ப்ளேனுக்கு ஒரு வெளக்கப் பொருத்தத் தெரியாதவன் ஸ்க்ரூ ட்ரைவர எதுக்கு சார் தொடணும்? அதத்தான் நா கேக்கறேன். ஏணியா? அதோ மூலையில இருக்கு, தாராளமா எடுத்துக்கங்க. பக்கத்து ஷெட்டுக்கு நேத்துதான் வந்திருக்கீங்க, மொதமொதல்ல ஒண்ணு கேக்கறீங்க, மாட்டேன்னா சொல்லுவேன்? ஒரே அஞ்சு நிமிஷம் அந்தச் செவுத்துகிட்ட நில்லுங்க. இந்தாங்க பென்சில். நா வெளக்கப் போட்டதும் வெளிச்சத்தோட நடு எங்க விழுதோ அங்க ஒரு புள்ளி வைங்க, போதும். ஆள் இல்ல சார் எனக்கு. இருந்த ஒரு ஆளும் ஒம்பது நாளா வரல.

யாரா? என் மச்சினன். வீட்டுக்காரியோட தம்பி. இந்த ப்ளேன் இருக்கே, இத நாங்க ரெண்டு பேருமாத்தான் கட்டினோம். ஆறு வருஷம். ஞாயித்துக்கெழம ஆனா நா பல்லு வெளக்கறதுக்குள்ள வந்து நிப்பான். பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். அதான் அவன் வியாதியே. எதையும் அளக்காம விடமாட்டான். நா கண்ணால பாத்துட்டு, சரியா இருக்குடாம்பேன். அவன் ஒண்ணும் சொல்லமாட்டான், டேப்ப எடுப்பான். அதுல இன்னும் கோவம் வரும் சார். வாயத் தொறந்து தப்புன்னு சொன்னாலும் பரவால்ல.

கதவச் சாத்திக்கறேன், இல்லேன்னா வெளிச்சம் தெரியாது. கொஞ்சம் எடது பக்கம் தள்ளிக்கங்க. ம்.

எறங்கறப்ப தரை தெரியறதுக்காக அவன் வச்சது இது. றெக்கையோட முன்பக்கத்துல ஓட்ட போட்டு, உள்ள வெளக்கு, அதுக்கு மேல கண்ணாடி மாதிரி ப்ளாஸ்டிக் மூடி. அந்த மூடிய வளைக்கணும்னா சூடு பண்ணணும். எங்க பண்றது? எங்க வீட்டு ஓவன்லதான். மொத மூடி உருகி ஊத்திக்கிச்சு. ரெண்டாவது, ஓட்ட போடறப்ப விரிசல் விட்டுச்சு. மூணாவதுதான் இது. ஒரு மாசம் எது சுட்டாலும் ப்ளாஸ்டிக் நாத்தம். என் வீட்டுக்காரி ஒரு வார்த்த சொல்லல. தம்பி செஞ்சா அது நாத்தமில்ல. நா ஒரே ஒரு தடவ அதுல பெயிண்ட் டப்பாவ வச்சேன், அத இன்னிக்கு வரைக்கும் பேசறா. பேசிட்டிருந்தா, அதாவது. இப்பத்தான் அதுவும் இல்லையே.

எங்க விட்டேன்? வெளக்கு. இதப் பாருங்க, முன்னாடி ரெண்டு பெரிய சக்கரம், வாலுக்குக் கீழ ஒரு பொடிச் சக்கரம். அதனால நிக்கறப்ப மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கும், தவள மாதிரி. ஆனா எறங்கி வர்றப்ப அப்பிடி வராது. மூக்கு லேசாக் குனிஞ்சு, வால் மேல இருக்கும். அதனால வெளக்க நேர் பண்றப்ப வாலத் தூக்கி ஸ்டூல் மேல வச்சுட்டுத்தான் பண்ணணும்னான். சரின்னு செஞ்சோம். ஸ்டூலு, அதுமேல ரெண்டு பலக, அதுமேல மடிச்ச சாக்கு. ஒரு மத்தியானம் பூரா அளந்தான். செவுத்துல கூட்டல் குறி ஒண்ணு போட்டான், உங்க தோள்கிட்ட இருக்கு பாருங்க, அதான். வெளிச்சம் அதுமேல போயி உக்காந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. நா இல்லேங்கல.

போன வாரம் பொழுது சாயற நேரத்துல நா மட்டும் ஏறினேன். ஒரு சுத்து சுத்திட்டு எறங்கி வரேன், வெளக்கப் போட்டா ஓடுபாதை தெரியணுமா இல்லையா? தெரியல. மூக்குக்கு நேர் கீழ ஒரு பாய் அளவுக்குத் தரை தெரியுது, அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி ஒரே கருப்பு. தரை எப்ப வந்துச்சுன்னே தெரியல சார். தொம்முனு விழுந்து, எகிறி, திரும்ப விழுந்து, வால் சக்கரம் மடங்கிப் போச்சு. பயந்துட்டேன். இத நா யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன்.

மச்சினன் ஓடி வந்தான். மொகம் வெளுத்துப் போயிருந்துச்சு. "மாமா, அந்த வெளக்கு"ன்னு ஆரம்பிச்சான். விடுவனா நானு? அங்க கூடியிருந்த அத்தன பேர் முன்னாடி, கணக்குப் போட்டே என்னக் கொல்லப் பாத்தியேடான்னேன். உன்ன நம்பி எவன் புள்ளையப் படிக்க அனுப்பறான்னேன். அது கொஞ்சம் ஜாஸ்திதான். டூல்ஸ் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போனவன்தான். அக்காவையும் பாக்க வரல. அவ எனக்குச் சாப்பாடு வைக்கறா, தட்டு மட்டும்தான் சத்தம் போடுது.

இருங்க, வால் ஸ்டூல் மேல ஏறிடுச்சு. போடறேன். எங்க விழுது? எங்க? முட்டிக்கா? பாத்தீங்களா. தோள்கிட்ட இருக்க வேண்டியது முட்டிக்கு எறங்கிடுச்சு. ஸ்க்ரூவப் பிடிச்சுக்கற ஸ்ப்ரிங்க ஒழுங்கா மாட்டல, ஆட்டத்துல ஸ்க்ரூ கழண்டுக்கிச்சு. வாத்தியார் லட்சணம்.

இத்தனைக்கும் அன்னிக்கிப் பறக்கறதுக்கு முன்னாடியே நா ஒரு தடவ சரி பண்ணினேன் சார். அத வேற கேளுங்க. அவன் வர்றதுக்கு முன்னாடி, இதே எடத்துல, சும்மா வெளக்கப் போட்டுப் பாக்கறேன், வெளிச்சம் கூரையில போயி அடிக்குது. கூரையில! பல்லிக்கா வெளிச்சம் காட்டப் போறோம்? அவனத் திட்டிக்கிட்டே ஸ்க்ரூவ மூணு சுத்து திருகி வெளிச்சத்த எறக்கினேன். கச்சிதமா அந்தக் கூட்டல் குறி மேலயே கொண்டுவந்து நிறுத்தினேன், டேப்பே இல்லாம. அவ்வளவு நா பாத்துப் பாத்துப் பண்ணியும்…

என்னது? சரியாக் கேக்கல.

அப்ப வால் எங்க இருந்துச்சா?

தரையிலதான். வேற எங்க இருக்கும்? ஸ்டூல எடுத்துப் போட்டு, அதுமேல உக்காந்துல்ல நா திருகினேன்.

…

ம்.

நீங்க என்ன வேல பாக்கறீங்க சார்? படகுக்குப் பாய் தைக்கறீங்களா. ப்ளேனப் பத்தி ஒண்ணும் தெரியாது. சும்மா கேட்டீங்க. சரி. சரி.

பென்சிலக் கீழ வச்சுடுங்க. ஏணிய எடுத்துக்கங்க. இல்ல, கொஞ்சம் இருங்க. ஒரு போன் பண்ணிக்கறேன். தனியா இருந்தா பண்ண மாட்டேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும்.

அடிக்குது. எடுக்க மாட்டான். எம் பேரப் பாத்ததும்… எடுத்துட்டான்.

மாப்ள, நாந்தான். வச்சுடாத. வால் சக்கரத்த நிமித்திட்டேன், ஒரு பக்கம் மட்டும் லேசா… அது இருக்கட்டும். இங்க பக்கத்து ஷெட்டுல ஒரு சார் வந்திருக்காரு, தங்கமான மனுஷன், ஏணிக்குத்தான் வந்தாரு, நாந்தான் அவரச் செவுத்துகிட்ட… சரி. சொல்லிடறேன். வெளக்கத் திருகினது நாந்தான். மூணு சுத்து. வால் தரையில இருந்துச்சு, அதான் வெளிச்சம் கூரைக்குப் போயிருக்கு. நீ ஒண்ணும் பண்ணல மாப்ள. நா பேசினதெல்லாம் தப்பு.

…

தெரியுமா? எப்பலேந்து? ஓடி வந்ததுமே ஸ்க்ரூ திருகியிருக்கறதப் பாத்தியா. அதத்தான் சொல்ல வந்தியா. அடப்பாவி, ஒம்பது நாளா அத மனசுல வச்சுக்கிட்டு… பின்ன ஏன்டா சொல்லல?

…

பேச விட்டீங்களாங்கறான் சார்.

இல்ல மாப்ள, நா என்ன சொல்ல வரேன்னா, அன்னிக்கி நா இருந்த நெலமையில…

ம். ம்.

சரி. நீ சொல்லு. கேக்கறேன்.