மாமாவுக்குக் கிடைத்த விடுதலை

இந்த நாற்காலியின் பின்கால் ஆடுகிறது ஐயா. அட்டையை மடித்து அடியில் வைத்தால் நின்றுவிடும். கோளாறு எதையாவது கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

எங்கள் மெத்தைக் கம்பெனியின் மேலாளர் என் அக்காவின் கணவர். வீட்டில் மாமா, அலுவலகத்தில் சார். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளை விட்டுவிட்டு, எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாமல் இலவசமாகக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறலாம் என்று பக்குவமாக எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

"ஓசியில வர்றது எதுவும் உருப்படாது. கல்யாணத்தோட ஓசியா வந்தவன் நீ, உன்னையே பாரு," என்றார்.

நான் கோபப்படவில்லை. அவருடைய மென்பொருளில் பிழைகளைத் தானாகத் திருத்தும் வசதி இருந்தது. 'இயக்குநர்' என்று அடித்தால் 'குரங்கு' என்று மாறும்படி வைத்தேன். ஒரே ஒரு சொல்தான்.

மாமா விசைப்பலகையைப் பார்த்தே தட்டுவார். அச்சாகி வந்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். 'மதிப்பிற்குரிய குரங்கு அவர்களுக்கு' என்று ஒரு கடிதம் மேலிடம் போனது. மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தில் குரங்கு இன்னும் பல இடங்களில் வந்தது.

அதன்பிறகு அவருக்குத் தன் கண்மீதே நம்பிக்கை போய்விட்டது.

"டேய், பால் பாக்கெட்டக் குடுத்து, 'பால்னுதானே போட்டிருக்கு?'ன்னு கேக்கறார்டா," என்று அக்கா தொலைபேசியில் அழுதாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நானே வாங்கி வந்து, வேளை தவறாமல் போடச் சொன்னேன். நமக்கு மனிதர்கள்தானே முக்கியம்.

ஒருநாள் மாமா என் மேசைக்கு வந்தார். "எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சாடா?"

"உங்களுக்கு ஒண்ணுமில்ல மாமா. இந்த மென்பொருளுக்குத்தான் முத்திப்போச்சு."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாத்திடுடா. எல்லாத்தையும் மாத்திடு."

அலுவலகத்தில் அவர் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. நெகிழ்ந்துபோனேன். அன்று மாலைக்குள் எல்லாக் கணினிகளையும் மாற்றிவிட்டேன். அந்தக் கடிதங்களைப் பற்றி மேலிடத்திலிருந்து நீங்கள் விசாரிக்க வருவதற்குள் மாமாவே பக்கத்து அலுவலகங்களுக்குப் போய்க் கட்டற்ற மென்பொருளின் பெருமையைப் பேசத் தொடங்கிவிட்டார்.

ஆமாம், அந்தக் குரங்கை வைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும். மாமா இன்று எவனுக்கும் அடிமையில்லை. கணினியைத் திறக்க வேண்டுமென்றால் மட்டும் என்னைக் கூப்பிடுவார். கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது.