கேள்வி வைக்கும் மாதம்

மாஞ்சி ராகத்தையும் பைரவி ராகத்தையும் பிரித்துச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. இரண்டும் அக்கா தங்கை மாதிரி, நாலு வருடம் படித்தவர்களே தடுமாறுவார்கள் என்று எங்கள் சோபனா டீச்சர் சொல்வார். அப்படிச் சொல்லும்போது அவர் என் பக்கம் பார்க்க மாட்டார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

விசாரணைக்காக நடந்ததை வரிசையாக எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். அது எனக்குச் சிரமமில்லை. தினமும் டைரி எழுதுகிறவன் நான். மூன்று டைரிகளும் உங்களிடம் இருக்கின்றன. இங்கே ஏதாவது தேதி தப்பாக இருந்தால் டைரியில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள். என் ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

என் பெயர் ஜெஸ்டன், வயது இருபத்தாறு. ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஷூ கம்பெனியில் ஹெச்.ஆர். உதவியாளர். கையுறை, முகமூடி, காதுக்கு வைக்கும் பஞ்சு ஆகியவை என் பொறுப்பு. பஞ்சு என்பது தொழிலாளர்கள் வைத்த பெயர். உண்மையில் அது மஞ்சள் நிற ஃபோம் துண்டு. விரலால் உருட்டினால் ஒடுங்கும், காதுக்குள் போனதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். திங்கட்கிழமை தோறும் கொடுத்துவிட்டு, ரிஜிஸ்டரில் 'பெற்றுக்கொண்டேன்' என்ற கட்டத்தில் கையெழுத்து வாங்குவேன்.

திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறு மணிக்கு டீச்சர் வீட்டில் பாட்டு வகுப்பு. என் குரல் சுமார்தான். பாட வராவிட்டாலும் கேட்பதிலாவது தேறலாம் என்று நினைத்து ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். சத்துவாச்சாரியில் இருக்கும் சுந்தரமூர்த்தி சார் நடத்துவது. தினமும் எட்டு மணிக்கு இருபது விநாடி ஆலாபனை ஒன்று வரும். ராகத்தின் பெயரை முதலில் சரியாக எழுதுகிறவருக்கு இரண்டு புள்ளி, பிறகு எழுதுகிறவர்களுக்கு ஒன்று. பரிசு கிடையாது. ஆனால் மாதக் கடைசியில் முதலிடம் வருகிறவர்தான் அடுத்த மாதம் முழுக்கக் கேள்வி வைப்பார். அதைக் 'கேள்வி வைக்கும் மாதம்' என்போம். ஒரு தடவையாவது அது எனக்கு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. 2023 ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் நான் இரண்டாவது. ஜூனில் ஒரே ஒரு புள்ளியில் தவறியது.

ஹஃப்ஸாவைக் குழுவில் சேர்த்தவனே நான்தான். இதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் தையல் பிரிவில் இருந்தாள். ஜூலையில் ஒருநாள் லீவு ஃபாரம் வாங்க வந்தாள். முந்தைய நாள் கேள்வியை என் ஃபோனில் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னாண்ணா, நாயகிலாம் கேக்கறீங்க?"

"நாயகி இல்லம்மா, தர்பாரு."

"தர்பார்னா இன்னும் கொஞ்சம் நிமுந்து உக்காந்திருக்கும்ணா. இது சாஞ்சிக்கினு வருது பாருங்க."

நான் தர்பார் என்று எழுதிப் புள்ளியை இழந்திருந்தேன். சரியான விடை நாயகி. எங்கே கற்றாய் என்று கேட்டேன். சிரித்தாள்.

"நானா? கத்துக்கவே இல்ல. சோபனா டீச்சர் வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் ஒரே செவுரு. அந்தாண்ட நீங்க பாடுவீங்க, இந்தாண்ட நாங்க ரொட்டிக்கு மாவு பிசைவோம். உங்க குரல் கூட எனக்குத் தெரியும்ணா. லாஸ்ட்ல ஒருத்தர் லேட்டா எடுப்பாரே, அது நீங்கதான?"

நான்தான்.

அவள் சேர்ந்த மாதமே முதலிடம் வந்தாள். அதற்கடுத்த மாதம் கேள்வி வைத்தாள். கேள்வி வைப்பவர் விடை சொல்லக் கூடாது என்பதால் அந்த மாதம் போட்டியில் இல்லை. அப்போதும் நான் இரண்டாவதுதான், மாதனூரில் ஒரு நர்சம்மா ஜெயித்தார். அது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். பிறகு மறுபடி ஹஃப்ஸா. அவள் விடை ஒன்பது விநாடியில் வரும். கேள்வி முழுதாக ஓடி முடிவதற்குள் வந்துவிடும். "ஹஃப்ஸாம்மா, கொஞ்சம் பொறுத்துப் போடு, மத்தவங்க டீ குடிச்சிட்டு வரட்டும்" என்று சுந்தரமூர்த்தி சார் எழுதுவார். யாரோ ஒருவர், "ஜெஸ்டன் தம்பி டீச்சரைக் கேட்டுட்டு வரட்டும்" என்று சேர்த்துக்கொள்வார். கடைசியில் சிரிக்கும் முகங்கள் வரும். நானும் ஒன்று போடுவேன்.

டீச்சரிடம் அவளைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அது கேள்வி ஞானம் ஜெஸ்டன். சொல்லிக் குடுத்து வர்றதில்ல" என்றார். செப்டம்பர் 27, புதன்கிழமைப் பக்கத்தில் அந்த வார்த்தையை அடிக்கோடிட்டிருக்கிறேன். ஒரே பாடம்தான். எனக்கு நேராக வந்தது; அவளுக்குச் சுவர் வழியாக, குக்கர் சத்தத்துக்கு நடுவே போனது. அவளிடம் தங்கியது, என்னிடம் தங்கவில்லை. நோட்டும் இல்லாமல், சாதகமும் இல்லாமல் வந்த அந்த ஞானத்துக்குக் காதைத் தவிர வேறு இருப்பிடம் கிடையாது என்று கீழே எழுதியிருக்கிறேன். ஒரு குறிப்பாகத்தான் எழுதினேன்.

நவம்பரில் ஹாமரிங் ரூமுக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தோலின் மடிப்பைத் தட்டிச் சமமாக்கும் சுத்தியல் மெஷின்கள் பதினொன்று அங்கே வரிசையாக நிற்கின்றன. சூப்பர்வைசர் பெயர் கேட்டார். கைப்பழக்கம், வருகை, பொறுமை மூன்றையும் வைத்து ஒரு பட்டியல் போட்டேன். ஹஃப்ஸா முதலில் வந்தாள். பட்டியலில் தவறு இல்லை. வேறு யார் போட்டிருந்தாலும் அவள் முதல் ஐந்துக்குள் வந்திருப்பாள்.

பஞ்சில் பெரிய அளவு, சிறிய அளவு என்று உண்டு. அவளுக்குச் சிறியதுதான் பொருந்தும். டிசம்பர் முதல் வாரம் சிறியது தீர்ந்தது. பெரியது மூன்று பெட்டி இருந்ததால் புதிதாக ஆர்டர் எழுதவில்லை.

"அண்ணா, எறும்புக்கு யானை செருப்பு குடுத்தா மாதிரி இருக்குண்ணா. வெச்ச அஞ்சு நிமிசத்துல வெளிய வந்து வுழுது."

"நல்லா உருட்டி வெய்ம்மா."

"உருட்டி உருட்டி வெரலுதான் தேயுது" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். எல்லாத் திங்கட்கிழமையும் அவள் கையெழுத்து இருக்கிறது. நீங்களே பார்க்கலாம்.

டைரியின் பின்பக்கத்தில் உள்ள பட்டியலைப் பற்றிக் கேட்டீர்கள். அது ஹஃப்ஸா விடை சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தின் மாதச் சராசரி. நவம்பரில் ஒன்பது விநாடி. ஜனவரியில் பதிமூன்று. மார்ச்சில் இருபத்தாறு. மேயில் ஐம்பது. எதையும் அளந்து பார்ப்பது என் பழக்கம். அப்படி அளக்காமல் இருந்திருந்தால் நான் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன் என்றும் தோன்றுகிறது.

மார்ச்சில் காது பரிசோதனை வண்டி வந்தது. வருடத்துக்கு ஒருமுறை வரும். ரிப்போர்ட்டுகள் என்னிடம்தான் வரும். அதில் கேட்கும் அளவைக் காட்டும் கோடு கீழே இறங்கியிருந்தால் அந்தத் தொழிலாளரிடம் சொல்லி, சத்தமில்லாத இடத்துக்கு மாற்ற எழுத வேண்டியது என் வேலை. ஹஃப்ஸாவின் கோடு இரண்டு காதிலும் இறங்கியிருந்தது, வலது காதில் அதிகமாக. அப்போது அவள் நான்காவது மெஷினில் இருந்தாள். வரிசையில் ஏழு மெஷின் அவளுக்கு வலது பக்கம். நான் ரிப்போர்ட்டின் மேல் 'அடுத்த ஆண்டு மறுபரிசோதனை' என்று எழுதி ஃபைலில் வைத்தேன். பரிசோதனை எப்படி இருந்தது என்று கேட்டாள். நார்மல் என்றேன்.

ஜூனில் ஒரு கடிதம் கொண்டு வந்தாள். தையல் பிரிவுக்கே திரும்ப மாற்றச் சொல்லி அவள் கைப்பட எழுதியது.

"எப்பவும் காதுல சீட்டி அடிச்சிக்கினே இருக்குண்ணா. அது கூடப் பரவால்ல. சுருதி போட்டா இந்தக் காதுல ஒரு சா கேக்குது, அந்தக் காதுல வேற சா கேக்குது. எது நெஜம்னு தெரில. பயமா இருக்கு."

"சளியா இருக்கும். ஆவி புடி."

"புடிச்சேன்."

"மேல அனுப்பறேன், குடு."

கடிதத்தை என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்தேன். நீங்கள் எடுத்ததும் அங்கேதான்.

ஆகஸ்டில் நான் முதலிடம் வந்தேன். குழுவில் நிறையப் பேர் வாழ்த்தினார்கள். "கைப்புள்ள மாதிரி இருந்த தம்பி ஜெயிச்சிட்டாருப்பா" என்று சுந்தரமூர்த்தி சார் எழுதினார். ஹஃப்ஸா பதினோரு கைதட்டல் போட்டாள். எண்ணினேன்.

செப்டம்பர் என்னுடைய மாதம். முதல் கேள்வியாக மாஞ்சியை வைத்தேன். டீச்சரையே பாடச் சொல்லிப் பதிவு செய்ததால் விடையில் சந்தேகம் இல்லை. மற்றவர்கள் இதில் தடுமாறுவார்கள். ஹஃப்ஸா ஒருபோதும் தடுமாறியதில்லை. அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. எட்டு மணி நாலு நிமிடத்துக்கு அவள் விடை வந்தது. பைரவி.

முடிந்தது என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டீர்கள். நிம்மதி என்பதுதான் சரியான வார்த்தை. விடை மாஞ்சி என்று அறிவித்தேன். ஹஃப்ஸாவே தப்பு விட்டாளா என்று ஆளாளுக்கு எழுதினார்கள்.

எட்டரைக்கு அவளிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

"அண்ணா கோச்சிக்காதீங்க. எனக்கு மாஞ்சின்னுதான் கேட்டுச்சு. நீங்க எப்பவும் மாஞ்சிய பைரவின்னுதான சொல்லுவீங்க, அதான் விடைய மாத்தி வெச்சிட்டீங்கன்னு நெனச்சேன். மொத நாளே எல்லார் முன்னாடியும் உங்களுக்குப் பேஜாராயிடும்னு பைரவின்னு போட்டேன். நீங்க கரெக்டா வெச்சிருக்கீங்க. சூப்பர்ணா. ரைட் காதுல சா சரியா நிக்கல, லெஃப்ட்ல மட்டும் வெச்சி நாலு வாட்டி கேட்டேன். என் லெட்டர் இன்னா ஆச்சு?"

அதைப் பல முறை படித்தேன். டைரியில் அன்றைய பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அவள் ஒற்றைக் காதோடு மாஞ்சியைக் கண்டுபிடித்திருக்கிறாள். என்னால் முடியாதது அது என்பதையும் ஆரம்பத்திலிருந்தே தெரிந்து வைத்திருக்கிறாள். என் மாதத்தில், என் கேள்வியில், எனக்கு ஒரு புள்ளி போட்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் அவள் கடிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். அவள் கேட்டது இடமாற்றம். கொடுத்தேன். நான்காவது மெஷினிலிருந்து பதினோராவது மெஷினுக்கு. அது வரிசையின் கடைசி. வலது பக்கம் சுவர், மற்ற பத்தும் இடது பக்கம். கடிதத்தின் மேல் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று முத்திரை குத்தித் தேதி போட்டு, திரும்ப இழுப்பறையில் வைத்தேன். சிறிய பஞ்சு அந்த வாரம்தான் வேறு கம்பெனிக்குப் போக வேண்டிய பெட்டிகளோடு தவறுதலாக எங்களுக்கு வந்தது. திருப்பி அனுப்பினேன், நாங்கள் ஆர்டர் செய்யாத பொருள்.

அவள் எனக்கு நன்றி சொன்னாள். செவுத்தோரம் உட்காந்தா பழைய ஞாபகம் வருதுண்ணா என்றாள்.

டிசம்பரில் அவள் அண்ணன் ஃபஹீம் அவளை வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். போன கேட்கும் சக்தி திரும்பி வராது என்று டாக்டர் சொன்னாராம். பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு ஃபஹீம் கம்பெனிக்கு வந்ததும், அதன் பிறகு நீங்கள் வந்ததும் உங்களுக்கே தெரியும். மறைக்க எனக்கு எதுவும் இல்லை. பட்டியல் போட்டது, பஞ்சை நிறுத்தியது, ரிப்போர்ட்டை மூடி வைத்தது, இடது காதை மெஷின் பக்கம் திருப்பி வைத்தது, நான்கையும் தெரிந்தேதான் செய்தேன். ஆனால் பொறாமையில் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டதை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். எனக்கு ஹஃப்ஸாவின்மேல் எப்போதும் மரியாதைதான்.

போன வெள்ளிக்கிழமை வகுப்பில் டீச்சர் ஒன்று பாடினார். நோட்டில் மாஞ்சி என்று எழுதினேன். அடித்துவிட்டுப் பைரவி என்று எழுதினேன். டீச்சரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. இருபது விநாடி பதிவு செய்து ஹஃப்ஸாவுக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்துவிட்டது, இரண்டு குறி இருக்கிறது. அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் கட்டாயம் சொல்வாள்.