ஐஸ் பெட்டிக்காரர்

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர் மனைவியிடம் சொன்னார்: "நான் வார்டுக்குள்ள வரல. என்னைப் பார்த்தா அண்ணி அலறிடுவாங்க."

"கூடப் பிறந்த அண்ணன் ஆஸ்பத்திரில கிடக்கறாரு. பார்க்காம திரும்புவீங்களா?"

"ஊர்ல யார் செத்தாலும் ஐஸ் பெட்டி கொண்டுபோய் வைக்கறது நான்தானே? போன வாரம் காய்ச்சல்னு ஒருத்தரைப் பார்க்கப் போனேன். வாசல்ல என்னைப் பார்த்ததும் அவர் சம்சாரம் ஐயோன்னு உட்கார்ந்துட்டாங்க. என் கையில ஆரஞ்சுப் பழம்தான் இருந்துச்சு."

"பட்டாளத்துல இருந்தவரு, அழுகைக்குப் பயப்படறீங்க."

"அங்க யாரும் என்னைப் பார்த்து அழல."

எழுந்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அவருடைய போன் அடித்தது.

"எந்தத் தெருங்க? எப்ப எடுக்கறீங்க? சரி, ஆள்கிட்ட சொல்லிடறேன், பெட்டி வந்துடும்."

"பகல் பூரா ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு, மத்த நேரமெல்லாம் பெட்டி. இன்னிக்காவது போனை அணைச்சு வையுங்களேன்."

"அணைச்சா அவங்க யாரைக் கூப்பிடுவாங்க?"

இப்போது அந்த அம்மாவின் போன் அடித்தது. அண்ணன்தான். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்மா, தம்பி வர்றானா?"

"வர்றாரு மாமா. அக்கா அழுவாங்கன்னு யோசிக்கறாரு."

"அவ அழுதா அழுதுட்டுப் போறா. இப்பவே வரச் சொல்லு. பெட்டியோட வரும்போது நான் அவனைப் பார்க்க முடியாதே."

ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. அவர் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டார்.