ஊதாப் புள்ளி

— எங்க வீட்டுக்கு ஊதாப் புள்ளி வேண்டாம்னா வேண்டாம், முத்துவடிவு. அடுத்த வீட்டுக்குப் போ.

— இருங்க அண்ணாச்சி, வந்ததும் வெரட்டுதீய! வெள்ளம் வந்தா மொதல்ல எந்த வீட்டுக்கு ஆள் போகணும்னு தாலுகா ஆபீஸ்ல மேப்புல குறிக்கச் சொல்லியிருக்காவ. நடக்க முடியாதவுக, கண்ணு தெரியாதவுக, கைப்பிள்ளக்காரி... அவுக வீட்டுக்குத்தான் ஊதா.

— நான் யாரு? ரிட்டயர்டு எஸ்.ஐ. பரமசிவன்! பழைய குத்தாலத்துல வெள்ளம் பாஞ்சப்ப எத்தன பேரத் தோள்ல தூக்கிட்டு வந்தவன். எனக்குப் போயி...

— தெரியும், தெரியும். வருசா வருசம் அதுல ரெண்டு பேரு கூடிக்கிட்டே வருதாவ.

— ஏட்டி, வாய் ஜாஸ்தி ஒனக்கு.

— சரி, புள்ளி வேண்டாம். வீடு எதுன்னாவது காட்டுங்க. இந்தாங்க போனு. வானத்துல இருந்து எடுத்த படம்.

— குடு... ம்ம்... நல்லாத்தான் எடுத்திருக்கான். இந்தா, இதான் நம்ம தெரு. இங்கன நம்ம வீடு.

— இங்கனயா?

— பின்னே? நீளமாப் போகுதுல்லா, அதுல கடைசியில...

— அண்ணாச்சி, அது சித்தாறு.

— ஆறா? தெருல்லா அது!

— ஆத்துக்குள்ள எப்ப வீடு கட்டுனீய? பால் காய்ச்சுனதுக்கு எங்கள ஒரு வார்த்த கூப்பிடலயே!

— மேல இருந்து எடுத்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். ஒங்க மேப்பு சரியில்ல.

— மேப்பா சரியில்ல? அப்ப, அந்தா காம்பவுண்டுல ஒக்காந்திருக்கானே... யாரு?

— அவனா... நம்ம பக்கத்து வீட்டு சுடலைராஜ்லா.

— அது மதினி காயப்போட்ட போர்வ, அண்ணாச்சி.

— ...சத்தம் போடாத. அவ கோயில்ல இருந்து வார நேரம்.

— எப்ப இருந்து இப்படி?

— பொங்கலுக்குப் பொறவு. சுகர்தான். எல்லாம் பொகை மூட்டமாத் தெரியுது. பகல்ல சமாளிச்சிருதேன்.

— ராத்திரி வெள்ளம் வந்தா? குத்தாலம் மெயினருவியில அந்தப் பாதுகாப்பு ஆர்ச்சத் தாண்டி விழுந்துச்சுன்னா தண்ணி இங்கன வார எவ்வளவு நேரம் ஆகும்? கரண்டையும் நிப்பாட்டிருவாவ. எந்தப் பக்கம் ஓடுவீய?

— ஒங்க மதினி கையப் பிடிச்சுக்கிடுவேன்.

— அவியகிட்ட சொல்லிட்டீயளா?

— சொல்லுவனா? மவனுக்குப் போன் போட்டுருவா. அவன் மறுநாளே சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிருவான். கண்ணும் தெரியாம, தெரிஞ்ச மொகமும் இல்லாம, அங்கன நான் என்னட்டி செய்வேன்? பயமா இருக்கு முத்து. நெசமாவே பயமா இருக்கு.

— மேப்ப எல்லாரும் பாக்க முடியாது அண்ணாச்சி. ஆபீஸ்காரவுகளும், ஆள மீட்க வாரவுகளும் மட்டுந்தான்.

— மீட்க வார கூட்டத்துல அகமது கபீர் இருக்கான்லா? எம் மவங்கூடப் படிச்சவன். சும்மா இருப்பானா?

— கபீர் அண்ணன் சொல்ல மாட்டாரு.

— நீ எப்படிச் சொல்லுத?

— இத்தன நாளும் சொல்லலயே...

— இத்தன நாளா? ஏட்டி... என்ன சொல்லுத நீ?

— ஒங்க வீட்டுக்குப் புள்ளி போன மாசமே வச்சாச்சு, அண்ணாச்சி. மதினிதான் தேடி வந்து வைக்கச் சொன்னாவ. மவன்ட்ட மூச்சு விடக்கூடாதுன்னு கபீர் அண்ணன்ட்ட சத்தியமும் வாங்கிட்டாவ. இன்னைக்கு ஒங்க வீட்ட மட்டும் விட்டுட்டுப் போனா சந்தேகப்படுவீயன்னுதான் வந்தேன்... 'எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனுசன் ஒடிஞ்சு போயிருவாரு, தெரியாதவ மாதிரியே இருந்துக்கிடுதேன்'னு சொன்னாவ.